பால்வீதியின் மூன்றாவது கை

காலை ஏழு மணிக்கு வானத்தில் ஒரு கெண்டைக் கூட்டம் வடக்கு நோக்கிப் போயிற்று. உலகம்மையின் சமையலறைத் தரையில் அதன் நிழல் நெளிந்து வந்து, மாவுச் சட்டியைத் தாண்டிச் சுவரேறி மறைந்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புறங்கடையில் பிறந்தவர்கள் யாரும் பார்க்க மாட்டார்கள். அங்கே வானம் என்றால் தண்ணீர்தான். தண்ணீர் என்றால் மீன் இருக்கத்தானே செய்யும்.

புறங்கடை ஒரு கண்ணாடிக் குடியிருப்பு. ஊர் முழுவதையும் மூடிய குவிமாடம் இரண்டு அடுக்குக் கண்ணாடி, நடுவே ஆறு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். வெளியே ஓயாமல் வீசும் நட்சத்திரக் காற்று உடம்புக்கு ஆகாது. அதைத் தடுப்பது அந்தத் தண்ணீர்க் கூரைதான். குடிக்கவும் குளிக்கவும் அதே தண்ணீர், குழம்புக்கு அதே மீன். நானூற்றுப் பன்னிரண்டு பேர் அதன் கீழே சுகமாக வாழ்ந்தார்கள். சுகமாக என்றால் மனிதருக்கு முடிந்த அளவு சுகமாக: பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாமல், ஊர்க்கூட்டத்தில் முன்வரிசை நாற்காலிக்குச் சண்டை போட்டுக்கொண்டு.

பதினொரு ஆண்டுக்கு ஒருமுறை கூரையில் பாசி முற்றிவிடும். அப்போது மீன்களைப் பிடித்து வீட்டுக்கு இரண்டு வாளி என்று பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, தண்ணீரை நிலவறைத் தொட்டிகளுக்கு இறக்குவார்கள். துடைப்ப எந்திரங்கள் கண்ணாடியைத் தேய்த்து முடித்ததும் மறுபடி ஏற்றுவார்கள். வெறுங்கண்ணாடியின் கீழே மனிதர் நாற்பது நிமிடம் இருக்கலாம். அதற்கு மேல் மருத்துவர் அனுமதிப்பதில்லை. அந்த நாற்பது நிமிடம்தான் புறங்கடைக்கு உண்மையான வானம்.

அந்த வானத்தில் இருப்பது சாதாரணக் காட்சி அல்ல. மனிதர் குடியேறிய ஆயிரத்து இருநூறு உலகங்களும் பால்வீதிக்குள்ளேயே கிடக்கின்றன. புறங்கடையின் சூரியன் மட்டும் எந்தக் காலத்திலோ அங்கிருந்து தூக்கியெறியப்பட்டு வெளியே வந்த ஒற்றை நட்சத்திரம். துளைவழி என்னும் குறுக்குப் பாதையில் வந்த முன்னோர்கள் இங்கே ஏன் இறங்கினார்கள் என்பதற்கு மூன்று கதைகள் உண்டு. மூன்றிலும் பங்காளிச் சண்டைதான் காரணம். எப்படியோ, பால்வீதியை முழுசாக, முகத்துக்கு நேரே பார்க்கக்கூடிய மனிதர்கள் பிரபஞ்சத்திலேயே இவர்கள் மட்டும்தான். மற்றவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு வீட்டின் முகப்பு எப்படி இருக்கும் என்று ஊகித்து வரைந்தவர்கள். இந்தப் பெருமையைப் புறங்கடைக்காரர்கள் ஒருநாளும் மறந்ததில்லை, மற்றவர்களை மறக்க விட்டதும் இல்லை.

ஊகித்து வரைந்த அந்தப் படம் எல்லா உலகத்துப் பாடப்புத்தகத்திலும் உண்டு. நடுவே நட்சத்திரங்கள் நெருங்கிய ஒரு தண்டு. தண்டின் இரண்டு முனையிலிருந்தும் ஆளுக்கொரு கை கிளம்பிச் சுருண்டு போகும். தண்டுச்சுருள் மண்டலம் என்று பெயர். எல்லாம் சரிதான். ஆனால் கடந்த கூரைத் திறப்பின்போது உலகம்மை நான்கே விநாடி நேரம் அண்ணாந்து பார்த்தாள். தண்டின் முனையிலிருந்து அல்ல, நட்டநடுவிலிருந்து மிக மங்கலாக இன்னொரு கை கிளம்பி, மற்ற இரண்டுக்கும் எதிர்த்திசையில் வளைந்து போவதைக் கண்டாள். அப்படி ஒரு மண்டலத்தை அதுவரை யாரும் எங்கும் கண்டதில்லை.

நடு உலகங்களின் வானவியல் பேரவைக்கு எழுதினாள். பதில் ஒரே வரியில் வந்தது: "படம் இல்லாத சாட்சியத்தை ஏற்பதற்கில்லை, தாங்கள் கண் மருத்துவரைப் பார்ப்பது நலம்." அன்றிலிருந்து ஊருக்குள் அவள் பெயர் மூணுகை. பதினொரு ஆண்டுகள் கடைத்தெருவில் நடக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் அவளுக்குப் பின்னால் நடந்தது. அவள் அழவில்லை. அடுத்த திறப்புக்கு நாளை எண்ணினாள்.

படம் எடுக்க அன்றைக்கே அவளுக்கு என்ன கேடு என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். உலகம்மை ஊரின் ஒரே படக்காரி. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எதுவானாலும் அவள்தான். கடந்த திறப்பு விழாவுக்கும் அவளைத்தான் அமர்த்தியிருந்தார்கள், ஆனால் வானத்தைப் படம் எடுக்க அல்ல. மேடையைப் படம் எடுக்க. குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, முப்பத்தாறு பேருக்குப் பொன்னாடை. நன்றியுரை முடியும்போது தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. குவிமாடத்துக்கு வெளியே கேமராவை நட்டுவைத்துப் பார்த்தார்கள். நட்சத்திரக் காற்று அதன் கண்ணாடியை ஒரே நாளில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலாக்கிவிட்டது.

ஆகவே இந்த முறை அவள் ஊர்க்கூட்டத்துக்குப் போய், ஊராட்சித் தலைவர் ஆண்டபெருமாளின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, இந்தத் தடவை விளக்கு கிடையாது. பேச்சு கிடையாது. பொன்னாடை கிடையாது. கூரை தெறந்ததும் ஊரே வெளக்க அணைச்சிட்டுச் சத்தம் காட்டாம உக்காரணும். எனக்கு முப்பது நிமிசம் வேணும்."

"பொன்னாடை இல்லாம ஒரு விழாவா?" ஆண்டபெருமாள் உண்மையாகவே கலங்கிப்போனார். "வெளி உலகத்துக்காரன் கேட்டா நம்மள என்ன நெனைப்பான்?"

"வெளி உலகத்துக்காரன் இங்க எவன் வாரான்? நமக்கு நாமதான் போத்திக்கிடுதோம்."

"சரி, போத்த வேண்டாம். நன்றியுரை மட்டும் ஒரு ரெண்டு நிமிசம்..."

"நன்றியத் தண்ணி ஏறினதுக்கப்புறம் சொல்லுங்க, அண்ணாச்சி. அது எங்கயும் ஓடிராது."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஆண்டபெருமாளின் மனைவி பகவதிதான் முடிவைச் சொன்னாள். "மைனி கேக்கறதக் குடுத்துருங்க. அந்தக் கை மட்டும் நெசமா இருந்துட்டுன்னு வச்சிக்கிடுங்க, ஆயிரத்தி எரநூறு உலகத்துலயும் பாடப்புத்தகத்த மாத்தணும். யாரால? நம்மால!"

நம்மால என்ற சொல் விழுந்ததும் கைகள் தாமாக உயர்ந்தன. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

திறப்பு நாளன்று காலை பத்து மணிக்கு ஊர் முழுவதும் மண்டபத்து முற்றத்தில் கூடியது. புறங்கடைக் கடிகாரத்துக்கும் அதன் சூரியனுக்கும் ஒட்டுறவில்லை. அன்று பத்து மணிக்குச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் நாள் குறித்திருந்தார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இறைப்பான்கள் உறுமின. குவிமாடத்தின் உச்சியில் ஒரு தாம்பாள அளவுக்குக் கறுப்பு தெரிந்தது; அது விரிந்துகொண்டே வந்தது.

பிறகு கிழக்குச் சரிவில் பால்வீதி இறங்கி நின்றது.

அதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. அடிவானத்துக்குச் சற்று மேலே தொடங்கிப் பாதி வானம் வரைக்கும் அது சாய்ந்து கிடந்தது. தண்டு மஞ்சளாகக் கனிந்திருந்தது. கைகள் நீலமாக, விளிம்புகளில் ரோஜா நிறத் திட்டுகளோடு சுருண்டு போயின. நாற்பதாயிரம் கோடி சூரியன்கள் ஒரு சத்தமும் போடாமல் இருந்தன. கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் ஊர் கைகளைப் பிசைந்துகொண்டது. எத்தனையோ கல்யாணத்தில் மணமக்களைச் சிரிக்கச் சொல்லிச் சலித்த உலகம்மை தானும் அண்ணாந்து நின்றாள்.

"விழியா, தொடங்கு" என்றாள்.

விழியன் அவளுடைய படப்பிடிப்பு எந்திரன். மூன்று கால், ஒரு கண், திருத்தமான பேச்சு. "ஒளி சேர்ப்பு தொடங்கிற்று. முப்பது நிமிடம் ஆகும். தயவுசெய்து யாரும் தரையில் ஓங்கி மிதிக்க வேண்டாம்" என்றது.

முற்றத்து ஓரத்தில் மங்கலான ஒளியோடு பெரிய திரை ஒன்று இருந்தது. அதில் படம் சிறிது சிறிதாகத் திரண்டது. ஐந்தாவது நிமிடத்தில் தண்டு தெளிந்தது. பத்தாவது நிமிடத்தில் இரண்டு கைகளும் வந்தன. பாடப்புத்தகத்தில் இருந்தது போலவே இருந்தன. பின்வரிசையில் யாரோ மெதுவாக இருமினார்கள். அந்த இருமலின் பொருள் உலகம்மைக்குப் புரிந்தது. ஒருவேளை கண் கோளாறுதானோ என்று பதினொரு ஆண்டில் முதல்முறையாக அவளே நினைத்தாள்.

பத்தொன்பதாவது நிமிடத்தில் தண்டின் நடுவே ஒரு கசிவு தெரிந்தது. இருபதாவது நிமிடத்தில் அது ஒரு கோடாயிற்று. இருபத்துமூன்றில் கோடு தடித்து, வளைந்து, மற்ற இரண்டு கைகளுக்கும் முரணாக, நானும் இருக்கிறேன் என்பது போல எதிர்ப்பக்கம் திரும்பிற்று.

"மூணு!" என்று ஒரு குரல் வெடித்தது. பிறகு ஊரே எழுந்து நின்றது. ஓங்கி மிதிக்கக் கூடாது என்பதால் நுனிக்காலில் நின்றபடி சத்தமில்லாமல் குதூகலித்தார்கள். ஆண்டபெருமாள் இருட்டில் தடவிக்கொண்டு வந்து உலகம்மையின் முன்னால் கைகூப்பினார்.

"தாயி, நானும்தான் மூணுகைன்னு சொல்லியிருக்கேன். மன்னிச்சிரு."

"விடுங்க அண்ணாச்சி. இனிமேயும் சொல்லுங்க. இப்ப அது பட்டம்" என்றாள் உலகம்மை. அவள் தலை அத்தனை நிமிர்ந்திருந்ததை அந்த ஊர் அதற்கு முன் கண்டதில்லை.

கூரை திறந்த முப்பத்திரண்டாவது நிமிடத்தில் விழியன் அறிவித்தது: "படம் நிறைவு. குறை ஏதும் இல்லை."

அதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் பகவதி திரைக்குப் பக்கத்தில் போய், மூக்கை உரசுகிற அளவு குனிந்து, எதையோ தேடினாள்.

"மைனி, இதுல நாம எங்க இருக்கோம்?"

விழியன்தான் பதில் சொன்னது. "இந்தப் படத்தில் புறங்கடை இல்லை, அம்மா. நாம் வெளியே நின்று பார்க்கிறோம். தவிர, இந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அப்போது வேறு உலகங்களில் மனிதர் எவரும் குடியேறியிருக்கவில்லை."

ஊர் திரையைச் சுற்றி நெருங்கிற்று.

"அப்ப ஊரு ஒலகம் பூரா பாக்கப்போற படத்துல நாம இல்லியா?" என்றார் ஒருவர்.

"எடுத்ததே நாமதானய்யா."

"அது எப்பிடித் தெரியும் அவனுகளுக்கு? கல்யாண ஆல்பத்துல தாய்மாமன் இல்லாட்டா என்ன பேச்சு பேசுவோம்?"

ஆண்டபெருமாள் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஏழு நிமிசம் கெடக்கு. ஊரோட ஒரு படம். பின்னால பால்வீதி, முன்னால நாம. என்ன சொல்லுத உலகம்மை?"

நல்ல யோசனை என்றுதான் அவளுக்கும் பட்டது. ஓடிப்போய், சேர்த்துவைத்த ஒளியையே பின்னணிக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி விழியனைப் படிக்கட்டுக்கு எதிரே நிறுத்தினாள். பெரியவர்கள் நாற்காலியில், பிள்ளைகள் தரையில், மற்றவர்கள் படிகளில் என்று வாடிக்கைப்படி ஊரை அடுக்கினாள். அடுக்கி முடித்து, வாடிக்கைப்படியே விழியனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"மைனி, நீங்க என்ன அங்க நிக்கிய?" என்று பகவதி கத்தினாள். "வாங்க இங்க! நடுவுல வாங்க!"

உலகம்மை ஒரு கணம் திகைத்துப் போனாள். முப்பது வருஷத்தில் ஆயிரம் விழா இருக்கும். ஒரு படத்திலும் அவள் இல்லை. சொந்தக் கல்யாணத்திலேயே பாதி நேரம் மணவறையிலிருந்து எழுந்துபோய்க் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தவள். யாரும் இதுவரை வா என்று கூப்பிட்டதில்லை, அவளும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. நினைத்ததில்லை என்று அந்த நிமிடம் வரை நம்பியிருந்தாள்.

போனாள். ஊர் விலகி நடுவே இடம் விட்டது. பகவதி தன் தலையிலிருந்த பிச்சிப்பூவை அப்படியே உருவி அவள் கொண்டையைச் சுற்றி வைத்தாள். "ராணி மாதிரி இருக்கிய மைனி."

"நெருங்கி நில்லுங்க! எல்லாரும் நெருங்கி நில்லுங்க!" என்றார் ஆண்டபெருமாள்.

"பின்னணி மறைகிறது" என்றது விழியன்.

"நீ எங்களப் பாரு. பின்னணிய ஏன் பாக்க?"

"இரண்டாம் படியில் இருப்பவர்கள் சற்று அமர்ந்தால்..."

"உக்காந்தா சேலை கசங்கும்" என்று ஒரு குரல்.

"மூன்று நிமிடம் உள்ளது. நான் பரிந்துரைப்பது என்னவென்றால்..."

"விழியா, யோசனை சொல்லுறத நிறுத்து! படத்த எடு!" என்றாள் உலகம்மை.

"நிறுத்தப்பட்டது" என்று அடங்கியது எந்திரன்.

"யாரும் கண்ண மூடாதிய!" என்று கடைசியாகக் குரல் கொடுத்தாள் உலகம்மை.

நானூற்றுப் பன்னிரண்டு பேரும் பிரபஞ்சத்தின் மிகப் பெரிய காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பல்லைக் காட்டினார்கள். விழியனின் விளக்கு மின்னியது. மேலே தண்ணீர் சலசலத்து ஏறத் தொடங்கியது.

துளைவழியின் வாய் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வெற்றிலை மெல்லும் நேரம்தான் திறக்கும். அதற்குள் முழுத் தெளிவுள்ள ஒரு படத்தை அனுப்பலாம். ஒன்றே ஒன்று. தெளிவு குறைத்து அனுப்பினால் பேரவை திறந்து பார்க்காமலே திருப்பிவிடும். எந்தப் படத்தை அனுப்புவது என்று முடிவுசெய்ய ஊர் கூடியது.

முதல் படத்தைத் திரையில் போட்டார்கள். பால்வீதி, மூன்று கைகள். அருமையாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அரை நிமிடத்தில் அடுத்ததைப் போடச் சொன்னார்கள்.

இரண்டாவது படம் இரண்டரை மணி நேரம் திரையில் இருந்தது. ஒவ்வொருவராகத் திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார்கள். "நான் இந்தா இருக்கேன்", "என் காதுல கம்மல் தெரியுதா?", "அய்ய, வயித்த உள்ள இழுத்திருக்கலாம்." ஒருவர்கூடக் கண்ணை மூடியிருக்கவில்லை, இது குழுப்படங்களின் வரலாற்றிலேயே இல்லாத சாதனை. உலகம்மையும் வந்து பார்த்தாள். நடுவே ஒரு பெண் நின்றாள். ஐம்பத்து நான்கு வயது, தலை நிறையப் பூ, முகம் நிறையச் சிரிப்பு. இவள் இத்தனை நாள் எங்கே இருந்தாள் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"உலகம்மை, கை ஒன்னோடது. நீதான் சொல்லணும்" என்றார் ஆண்டபெருமாள். "எத அனுப்ப?"

"விழியா, ஒனக்கு எது நல்லாருக்குன்னு தோணுது?" என்று கேட்டாள்.

"யோசனை சொல்லுவது நிறுத்தப்பட்டுள்ளது" என்றது விழியன்.

ஊர் சிரித்தது. உலகம்மையும் சிரித்தாள். "ரெண்டாவத அனுப்புவோம் அண்ணாச்சி. பின்னாலதான் பால்வீதி இருக்கே. கண்ணுள்ளவன் பாத்துக்கிடுவான். கையும் தெரியும், அதக் கண்டுபிடிச்ச ஊரும் தெரியும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

கைதட்டலில் தண்ணீர்க் கூரையே அதிர்ந்திருக்கும். அன்று மாலை வாய் திறந்ததும் படம் போயிற்று.

மூன்று மாதம் கழித்துப் பேரவையின் பதில் வந்தது. ஆண்டபெருமாள் மேடையேறிப் படித்தார்.

"புறங்கடைக் குடியிருப்பு அனுப்பிய படம் கிடைக்கப்பெற்றோம். நானூற்றுப் பன்னிரண்டு முகங்களும் மிகத் தெளிவாக உள்ளன. ஒருவரும் கண் மூடாதது பாராட்டுக்குரியது."

இந்த இடத்தில் கைதட்டல் அடங்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. மீதியைச் சத்தத்துக்கு நடுவே படித்தார்.

"பின்னணியில் பால்வீதியின் மேல்விளிம்பும் தண்டின் இரு முனைகளும் ஓரளவு தெரிகின்றன. மூன்றாவது கை தொடங்குவதாகத் தாங்கள் குறிப்பிடும் இடத்தில் ஒரு கொண்டையும் அதைச் சுற்றிப் பூவும் மட்டுமே காணப்படுகின்றன. ஆகவே தங்கள் கூற்றை ஏற்பதற்கில்லை."

பாராட்டு வந்துவிட்டதா, அது போதும் ஊருக்கு. முதல் மூன்று வரிகளைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்ட வேண்டும் என்று அப்போதே முடிவாயிற்று. அடுத்த முறை துளைவழி திறக்கும்போது, அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஊரே நிற்கும் படம் ஒன்றை நன்றி தெரிவித்து அனுப்பலாம் என்றார் ஆண்டபெருமாள். மறுப்புச் சொல்ல எவரும் இல்லை.

உலகம்மை மட்டும் எழுந்து வீட்டுக்கு நடந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் படத்தைச் சுவர்த்திரையில் போட்டாள். இப்போதுதான் முதன்முதலாக ஆட்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் பார்த்தாள். தண்டின் இடது முனை யாருடைய காதுக்கோ பக்கத்தில் தெரிந்தது. வலது முனை பகவதியின் தோளுக்கு மேலே தெரிந்தது. நடுவில், பதினொரு ஆண்டுகள் அவள் காத்திருந்த அந்தச் சரியான இடத்தில், அவளுடைய கொண்டை இருந்தது.

அவமானம் காதுவரை ஏறிச் சுட்டது. இப்படியுமா ஒருத்தி செய்வாள் என்று வாய்விட்டே சொன்னாள். மறைந்துபோன கையின் வளைவைத் தேடி, கொண்டையின் விளிம்பை ஒட்டிக் கண்ணை மெல்ல நகர்த்தினாள். பூ தெரிந்தது. பூவுக்குக் கீழே நெற்றி தெரிந்தது. கண் தானாக இன்னும் ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தாள்.